தெரியாது என்று சான்று பெற்ற தெரு

பல்கலைக்கழகம் என்றால் அறிவை எல்லாருக்கும் கொடுக்கிற இடம். அப்படிப்பட்ட இடத்தில், எதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்ளவும் ஓர் அலுவலகம் வேண்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றியதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

தோன்றியதற்குக் காரணம் துணைவேந்தர். ஒரு நாள் காலையில் அவருடைய கணக்கிலிருந்து பல்கலைக்கழகத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரு செய்தி போனது. 'இந்தப் பொடியை வெந்நீரில் கலந்து குடித்தால் தொப்பை கரையும். உடனே பணம் அனுப்பவும்' என்று. அனுப்பியது அவர் இல்லை. அவர் கணக்குக்குள் புகுந்துகொண்ட எவனோ. ஆனால் துணைவேந்தர் பெயரில் வந்ததைத் தட்ட முடியுமா? பேராசிரியர்கள் பலர் பணம் அனுப்பினார்கள். துறைத்தலைவர் ஒருவர் இரண்டு டப்பாவுக்கு அனுப்பிவிட்டு, நேரே துணைவேந்தர் அறைக்குப் போய், "ஐயா, முதல் ஆள் நான்தான்" என்று வயிற்றைத் தடவிக் காட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

உடனே ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கு ஒரு துணைக்குழு. கடவுச்சொல்லை மறந்துபோனவர்களிடம் கணினி ஒரு கேள்வி கேட்குமாம். உங்கள் தாயார் பெயர் என்ன என்று. சரியாகச் சொன்னால் கதவைத் திறந்துவிடுமாம். துணைவேந்தருடைய தாயார் பெயர் பல்கலைக்கழகக் கலையரங்கத்தின் நெற்றியில் ஆள் உயர எழுத்தில், இரவில் விளக்குப் போட்டு எரிகிறது. புகுந்தவன் பெரிய மூளைக்காரன் எல்லாம் இல்லை. பஸ்ஸில் போகும்போது தலையைத் திருப்பியிருக்கிறான், அவ்வளவுதான்.

பெயரும் ஊரும் பிறந்த தேதியும் ஊருக்கே தெரிந்தவை, ஆகவே அவை பாதுகாப்பு ஆகா என்று குழு முடிவு செய்தது. அதுவரைக்கும் சரிதான். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. 'தனிநபர் அந்தரங்கத் தகவல் அரண் மையம்' என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்கு ஒரு இயக்குநரையும் போட்டு, சுற்றறிக்கையும் விட்டார்கள்:

'இதனால் சகல மாணவ மாணவியருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஒவ்வொருவரும் தம்மைப் பற்றித் தாம் மட்டுமே அறிந்ததும், பிறர் எவரும் அறியாததும், முற்றிலும் மெய்யானதுமாகிய ரகசியம் ஒன்றை மையத்தில் பதிவு செய்து, அது ரகசியமே என்பதற்கான சான்று பெற்றுக்கொள்ளக் கடவர். சான்று பெறாதோர் கணக்கு முடக்கப்படும்.'

நாங்கள் அதை ரகசிய ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். எங்கள் தெரு பல்கலைக்கழகத்தின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நாங்கள் மூக்கைத் துடைத்துக்கொள்வோம்.

எங்கள் தெருவில் பஸ் ஓட்டுகிற அண்ணனுக்கு ஒரே மகள். வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். நடக்கப் பழகும்போதே 'ஏன், எதுக்கு' என்று எல்லாரையும் துளைத்தெடுத்ததால் அவளுக்கு வாயாடி என்று பெயர் விழுந்துவிட்டது. வாயாடி அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் புள்ளியியல் படித்தாள். கடைசி வருடம். ஆய்வேடு எழுதி முடித்துவிட்டாள். கணினி வழியாக அனுப்ப வேண்டியது ஒன்றுதான் பாக்கி. கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது, கணக்கோ முடங்கிக் கிடக்கிறது. ஆய்வேடு போகாவிட்டால் பட்டம் கிடையாது. பட்டம் இல்லாவிட்டால், தூரத்து ஊரில் அவளுக்காகக் காத்திருக்கிற வேலை கிடையாது.

அந்த வேலையைப் பற்றி அவள் அப்பாவிடம் மூச்சு விடவில்லை. டிரைவர் அண்ணன் வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தார். தன் டிப்போவிலேயே டிக்கெட் கணக்குப் பார்க்கிற அறையில் மகளுக்கு ஒரு நாற்காலி பேசி முடித்துவிட்டார். காலையில் தன் பஸ்ஸிலேயே கூட்டிப்போய், சாயங்காலம் தன் பஸ்ஸிலேயே கூட்டிவந்துவிடலாம் என்பது அவர் திட்டம். எந்தப் பக்கத்து சீட் என்று கூடத் தீர்மானித்துவிட்டார். அந்த மனுசனிடம் போய் 'நான் போறேன்ப்பா' என்று எப்படிச் சொல்வது?

மகள் அப்பாவிடமே சொல்லாதது எங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சொல்கிறேன், பொறுங்கள்.

வாயாடி ரகசிய ஆபீசுக்குப் போனாள். அந்த அறைக் கதவில் மூன்று பூட்டு. உள்ளே மின்விசிறி ஒன்றே ஒன்று. அதனால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரையும் காற்றுக்காக உள்ளேயே உட்கார வைத்திருந்தார்கள். 'இங்கு பேசப்படுவது எதுவும் வெளியே போகக் கூடாது' என்று சுவரில் எழுதியிருந்தது. எப்படிப் போகும்? கேட்கிறவர்கள் அத்தனை பேரும் உள்ளேயே இருந்தார்களே.

"பேர் சொல்லக் கூடாது. நம்பரை மட்டும் சொல்லும்மா" என்றார் இயக்குநர்.

சொன்னாள். அவர் பின்னால் திரும்பி, "ஏம்ப்பா, பின்தெரு டிரைவர் பொண்ணு வந்திருக்கு, அந்த ஃபைல எடு" என்று குரல் கொடுத்தார். "சரி, சொல்லு. என்ன ரகசியம்?"

வாயாடி பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தாள். எல்லாரும் மரியாதைக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டார்கள். "எனக்குப் பல்லின்னா பயம் சார்."

'விண்ணப்பதாரர் ஊர்வன இனத்தின்பால் அச்சமுடையார்' என்று எழுதிக்கொண்டார் இயக்குநர். "இது யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது சார்."

"அதை நீ சொன்னா எப்படிம்மா? தெரியாதவங்கல்ல தெரியாதுன்னு சொல்லணும்?"

"புரியல சார்."

"எங்க விசாரணை அலுவலர் உன் தெருவுக்கு வருவாரு. வீடு வீடா ஏறி, இந்தப் பொண்ணுக்குப் பல்லின்னா பயமாம், இது உங்களுக்குத் தெரியுமான்னு கேப்பாரு. எல்லாரும் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுட்டா, அது ரகசியம். சான்று கையில வந்துடும்."

"சார், அவர் கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமே?"

"கேட்டதுக்கு அப்புறம்தானே தெரியும்? கேக்கறதுக்கு முன்னாடி தெரியுமாங்கறதுதான் விதி. பின்னாடி தெரியறதெல்லாம் எங்க பொறுப்புல வராது."

"அதை வச்சு எவனாச்சும் என் கணக்கைத் திறந்துட்டா சார்?"

இயக்குநர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எப்படிம்மா திறப்பான்? நம்மகிட்டதான் சான்று இருக்கே!"

விசாரணை அலுவலர் வந்தார். கையில் குடை, கக்கத்தில் தோல்பை, நல்ல மனுசன். முன்பின் தெரியாதவர்களை நம்பக் கூடாது என்பதற்காகக் கழுத்தில் ஓர் அட்டை மாட்டியிருந்தார். அதில் அவர் படம், பிறந்த தேதி, ரத்த வகை, வீட்டு முகவரி, செல்போன் எண் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு வாசலிலும் அதைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பேசினார்.

முதலில் சலவைக்கடை அக்கா. அவர்தான் எங்கள் தெருவின் செய்தித்தாள்.

"இது பரம ரகசியம்மா. யார்கிட்டயும் சொல்லிடக் கூடாது. உங்க தெரு டிரைவர் பொண்ணுக்கு..."

"பல்லி விஷயமா? ஐயோ, அதை ஏன் சார் கேக்கறீங்க!" என்று அக்கா இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, துணி மேசை மேலேயே ஏறி நின்று நடித்துக் காட்டினார். "இப்படி ஏறினவ, அவங்க அப்பா டூட்டி முடிஞ்சு வர்ற வரைக்கும் இறங்கலையே!"

அடுத்து சைக்கிள் கடைக்காரர். அவருக்கும் தெரியும். அதற்கடுத்து ரேடியோ தாத்தா. காது மந்தம், அதனால் ரேடியோவை உச்சத்தில் வைத்திருப்பார். அவரிடம் ரகசியத்தை ரகசியமாகச் சொல்ல முடியாது. அலுவலர் வாசலில் நின்று, "பல்லீ! பல்லிக்குப் பயம்!" என்று கத்த, தாத்தா, "உங்களுக்கா?" என்று கேட்டு, "பயப்படாதீங்க, வெளக்குமாறு தரேன்" என்று எழுந்துபோனார்.

விண்ணப்பம் தள்ளுபடி. காரணம்: 'மேற்படி தகவல் பொது அறிவு வகையைச் சேர்ந்தது.'

அடுத்த ரகசியம், எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப்போய், மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டது. இத்தனை வருடமாக எவரிடமும் சொல்லாதது. அலுவலர் டிரைவர் அண்ணனிடம் போய்க் கேட்டார்.

"தெரியும் சார். அவ போட்டிருந்தது அவ்வளவு அழகா இருந்துச்சு. என் கையெழுத்து மாட்டைக் கட்டி இழுத்த மாதிரி இருக்கும். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"கேக்கலையா நீங்க?"

"கணக்குல தோத்தவளுக்கு கையெழுத்தாச்சும் வருதேன்னு விட்டுட்டேன்."

அதுவும் தள்ளுபடி.

இதற்குள் பல்கலைக்கழகத்தில் ரகசியம் என்பது ஒரு நாகரிகம் ஆகிவிட்டது. சான்று வாங்கியவர்கள் சட்டையில் பச்சை ரிப்பன் குத்திக்கொண்டார்கள். ரிப்பன் இல்லாதவர்களைக் கேண்டீனில் பக்கத்தில் சேர்ப்பதில்லை. 'ஒரு ரகசியம்கூட இல்லாம என்ன ஜென்மமோ' என்று காதுபடவே பேசினார்கள். இரண்டு ரகசியத்துக்குச் சான்று வாங்கியவன் ஒருவன் இரண்டு ரிப்பனோடு நடந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டமே போனது. வாசலுக்கு எதிரே ஒரு பயிற்சி மையம் வந்தது. 'தரமான ரகசியங்கள், விசாரணையில் தேர்ச்சி நிச்சயம்' என்று பலகை. பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட, பையன் குடிப்பானா என்று கேட்பதை விட்டுவிட்டு, பையனுடைய ரகசியத்துக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

நூலகத்தில் எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை என்று ஒரு மாணவன் பதிவு செய்தான். உண்மையிலேயே அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. காலையில் சான்று வந்தது. மாலையில் அபராதம் வந்தது. பேராசிரியர்களுக்கும் திட்டத்தை விரித்தார்கள். ஒரு பேராசிரியர், தான் நடத்துகிற பாடப்புத்தகத்தைத் தான் படித்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பாவம், தள்ளுபடி ஆகிவிட்டது. வகுப்பில் விசாரித்தபோது அத்தனை மாணவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

வாயாடி மறுபடியும் ரகசிய ஆபீசில் போய் உட்கார்ந்தாள்.

"இதுக்கு மேல என்கிட்ட ரகசியம் இல்ல சார்."

"அப்படிச் சொல்லாதம்மா. ரகசியம் இல்லாத மனுசங்க உண்டா? நல்லா யோசி. இந்த வாரம் விட்டா அடுத்த வருசம்தான்."

"பொய்யா ஒண்ணு எழுதலாமா சார்?"

"அடக்கடவுளே! ரகசியத்துல போய் யாராச்சும் பொய் சொல்லுவாங்களா? கண்டுபிடிச்சா பட்டமே ரத்து."

அவள் பெஞ்சை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த வேலை விஷயத்தைச் சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்கள் கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"அருமை!" என்றார் இயக்குநர். "ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்பதான் ஒரு நல்ல ரகசியம் கேக்கறேன்."

"சார், எங்கப்பாகிட்ட மட்டும் கேக்காம விட முடியுமா?"

"நெருங்கின உறவு கட்டாயம்மா. அவருக்குத் தெரிஞ்சா அது ரகசியமே இல்லையே."

"அப்ப நானே முதல்ல அவர்கிட்ட சொல்லிடறேன் சார். அவர் மூணாவது மனுசர் வாயால கேக்க வேணாம்."

"சொல்லிட்டா தள்ளுபடி."

பாருங்கள் அந்தப் பெண்ணின் நிலைமையை. இத்தனை நாளும் சொல்லத் தைரியம் இல்லை. தைரியம் வந்தபோது சொல்லக் கூடாது என்று விதி. அவள் சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால் ஒரு குடைக்காரர் வந்து சொல்வார். இயக்குநர் இரக்கப்பட்டு ஒரு சலுகை கொடுத்தார்: அப்பாவைக் கடைசியில் கேட்பார்கள்.

எங்களுக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன் என்றேனே. வேலைக்கான நேர்காணல் போனில்தான் நடந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்குள் போன் எடுக்காது. மொட்டை மாடிக்குப் போனாலும் கத்தித்தான் பேச வேண்டும். அன்றைக்கு வாயாடி மாடியில் நின்று, "எஸ் சார், அடுத்த மாசமே சேர்ந்துடுவேன் சார்! வீட்டுலயா? வீட்டுல இன்னும் தெரியாது சார்!" என்று கத்தியபோது, சலவைக்கடை அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சைக்கிள் கடைக்காரர் மாடியில் பழைய டயர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ரேடியோ தாத்தாவுக்குக்கூட விழுந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தத் தெருவும் கேட்டது. வேலை கிடைத்துவிட்டது என்று போன் வந்தபோதும் கேட்டது. மாடியில் ஒரு பெண் தனியாகக் குதித்ததையும் பார்த்தது.

ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கூடிப் பேசியெல்லாம் முடிவு செய்யவில்லை. சலவைக்கடை அக்கா ஒரு விஷயத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. பாவம், அந்த வாரமெல்லாம் அவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

விசாரணை அலுவலர் வந்தார். குடையை மடக்கினார். அட்டையைக் காட்டினார். "பரம ரகசியம்மா. டிரைவர் பொண்ணுக்குத் தூர ஊர்ல வேலை கிடைச்சிருக்காம். வீட்டுல சொல்லாம வச்சிருக்காம். இது உங்களுக்குத் தெரியுமா?"

எதிர்வாசலில் வாயாடி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தார் அக்கா.

"என்னது!" என்று மார்பில் கையை வைத்தார். "வேலையா! தூர ஊரா! ஐயோ, எனக்குத் தலையே சுத்துதே!" என்று துணிமூட்டை மேல் சாய்ந்தும் விட்டார். கொஞ்சம் அதிகம்தான். அலுவலர் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சைக்கிள் கடைக்காரர் பயந்த சுபாவம். "எனக்கு எதுவுமே தெரியாது சார். அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது."

"போன தடவை பல்லி விஷயம் தெரியும்னு சொன்னீங்களே?"

"பல்லியைத் தெரியும் சார். பொண்ணைத் தெரியாது."

"பொண்ணைத் தெரியாதவங்க கையெழுத்து செல்லாதுங்க."

"அப்ப பொண்ணைத் தெரியும் சார். விஷயம் தெரியாது."

ரேடியோ தாத்தாவிடம் வழக்கம்போலக் கத்தினார். தாத்தா முகம் மலர்ந்து, "ஆமாமா, அன்னைக்கே மாடியில..." என்று ஆரம்பித்தார். அவர் சம்சாரம் அவர் காலை ஒரு மிதி மிதித்தார். "மாடியில எனக்கு வேலை இருக்கு" என்று முடித்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய்க் கையெழுத்துப் போட்டார்.

தெரு முழுக்கத் தெரியாது, தெரியாது, தெரியாது. அலுவலருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. கடைசியாக டிரைவர் அண்ணன் வீட்டுப் படியேறினார். அண்ணன் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வாயாடி கதவுக்குப் பின்னால். நாங்கள் எல்லாரும் அவரவர் வாசலில், எங்களுக்கு வேறு வேலை இருப்பதுபோல.

அலுவலர் படித்தார். அண்ணன் அவிழ்த்த பொத்தானைத் திரும்பப் போட்டார். பிறகு மறுபடியும் அவிழ்த்தார்.

"தெரியுமாங்க?"

கதவு லேசாக ஆடியது. அண்ணன் அதைப் பார்த்தார். நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடித்தார்களா என்று கண்ணாடியில் பார்ப்பாரே, அந்த மாதிரி.

"தெரியாது" என்றார். கையெழுத்தும் போட்டார், மாட்டைக் கட்டி இழுத்த மாதிரி.

அலுவலர் பையை மூடிக்கொண்டு, "இது விசாரணையில சேராது, சும்மாதான் கேக்கறேன். மனசுக்குக் கஷ்டமா இருக்கா?" என்றார்.

"அந்த ஊருக்கு இங்கேர்ந்து நேரா பஸ் இருக்கா சார்?" என்று கேட்டார் அண்ணன்.

அலுவலர் போன பிறகு மகள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். அவர்கள் பேசியது எங்களுக்கு எப்படிக் கேட்டது என்று திரும்பவும் கேட்காதீர்கள். சுவர்கள் எல்லாம் ஒட்டினாற்போலத்தான் இருக்கின்றன.

"அப்பா... நான் சொல்லணும்னுதான்..."

"தெரியும் பாப்பா."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"நீ போன்ல பேசினப்ப நான் மாடித் தண்ணித் தொட்டிக்குள்ள இறங்கிக் கழுவிட்டிருந்தேன். 'வீட்டுல தெரியாது சார்'னு நீ சொன்னது தொட்டிக்குள்ள ரெண்டு தடவை கேட்டுச்சு."

"அப்ப ஏன்ப்பா தெரியாதுன்னு சொன்னீங்க?"

"ஆபீசர் வந்து கேட்டா தெரியாதுன்னு சொல்றதுதான் எனக்குப் பழக்கம். டிப்போல சேர்ந்த நாள்லேர்ந்து அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

அவள் அழுதாள். அவரும் அழுதார் என்று சலவைக்கடை அக்கா சொல்கிறார். மூக்கைச் சிந்தினார் என்பது மட்டும்தான் எங்களுக்கு உறுதியாகத் தெரியும்.

சான்று வந்தது. கணக்குத் திறந்தது. ஆய்வேடு கடைசித் தேதிக்குள் போய்ச் சேர்ந்தது. பட்டமும் வந்தது. அண்ணன் லீவு போட்டுவிட்டு மகளைக் கொண்டுபோய் விட்டுவந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயணியாக உட்கார்ந்து, வழியெல்லாம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே போனாராம்.

கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் விசாரணை அலுவலர் மனசாட்சி உள்ளவர். அறிக்கை எழுதினார்: 'சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தும், அண்டை வீட்டார் விவகாரத்தில் ஒரு துளியும் அறியாத இத்தெருவாசிகள், தகவல் பாதுகாப்புக்குத் தலைசிறந்த முன்மாதிரி ஆவர்.'

மையம் மகிழ்ந்துபோனது. எங்கள் தெருவுக்கு விருது. தெருமுனையில் பந்தல், மைக், நாற்காலி. இயக்குநரே வந்தார். நாங்கள் எதை அறியாமல் இருந்தோம் என்பதை உலகம் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதனால் அந்த ரகசியத்தை முதலிலிருந்து கடைசி வரை, வாயாடியின் பதிவெண்ணோடு, மைக்கில் படித்தார். நாங்கள் கைதட்டினோம். தெருமுனையில் ஒரு பலகை திறந்துவைத்தார்: 'இத்தெருவில் எவருக்கும் எதுவும் தெரியாது. சான்று பெற்றது.'

ஆளுக்கொரு சான்றிதழ் உண்டு என்றார்கள். ஊக்கத்தொகையும் உண்டு என்றார்கள். அதற்காக ஒரு மேசை போட்டு, பெயர், பிறந்த தேதி, போன் எண், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்டார்கள். எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும். வரிசையில் யார் முந்தி என்பதில்தான் சண்டை வந்தது. சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பலகைக்குக் கீழே எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். சான்றிதழில் அந்த விவரம் முழுக்க அங்கேயே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். படத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அதை மையத்தின் பக்கத்தில் போட்டார்கள். "உலகமே பார்க்கும்!" என்றார் இயக்குநர்.

உலகத்தில் ஒருவன் பார்த்தான்.

முதலில் சலவைக்கடை அக்காவுக்குத்தான் போன் வந்தது. "அம்மா, ரகசிய மையத்துலேர்ந்து பேசறோம். உங்க சான்றிதழ்ல ஒரு சின்ன சந்தேகம் இருக்கு. சரிபார்க்கணும்."  அவன் எந்தச் சந்தேகத்தைச் சொன்னானோ! அக்காவுக்கு ஒரே சந்தேகம்தான். நாங்கள் பொய் சொன்னது தெரிந்துவிட்டது. தெரிந்தால் பிள்ளையின் பட்டம் ரத்து.

"என்ன செய்யணும் சார்?"

"ஒண்ணுமில்லம்மா. இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை மட்டும் சொல்லுங்க."

சொன்னார். சைக்கிள் கடைக்காரர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். ரேடியோ தாத்தாவுக்கு எண் சரியாகத் தெரியவில்லை. நாங்கள் நாலு பேர் சுற்றி நின்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னோம், தாத்தா அதை அப்படியே போனில் கத்தினார். பின்சுவருக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். சாயங்காலத்துக்குள் தெருவில் ஒருவர் கணக்கிலும் பணம் இல்லை.

வாயாடி போன் செய்தாள். "அப்பா, நீங்களுமா? எந்த நம்பரையும் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நீங்க திரும்ப பஸ் ஏறும்போதுகூடச் சொன்னேனே!"

"வேற எதையும் சொல்லல பாப்பா. ஆனா உன் பட்டத்துல கை வைக்கிற மாதிரி இருந்துச்சு. நான் தெரியாதுன்னு சொன்னது பொய்யின்னு ஆயிடக் கூடாதுல்ல?"

 அவள் உடனே போலீசில் புகார் கொடுக்கச் சொன்னாள்.

யார் போய்க் கொடுப்பது, போனால் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று நாங்கள் தெருமுனையில் கூடித் திண்டாடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்துவிட்டார். சாதாரண உடையில் இருந்தார். கையில் கோப்பு. "பணம் போனது சம்பந்தமா விசாரிக்க வந்திருக்கேன்" என்றார். எங்களுக்கு உயிர் வந்தது.

"நம்பரை ஏன் சொன்னீங்க?"

எல்லாரும் டிரைவர் அண்ணனைப் பார்த்தோம். காரணத்தைச் சொன்னால் பிள்ளையின் பட்டத்துக்கு ஆபத்து. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"தெரியாது சார்."

"யாருக்குமேவா?"

"தெரியாது சார்" என்றோம் எல்லாரும்.

அவர் தலையைத் தூக்கிப் பலகையைப் படித்தார். படித்துவிட்டு ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார். "சரி, பணத்தைத் திருப்பி வாங்கித் தரணும்னா உங்க விவரமெல்லாம் வேணும். பேர், பிறந்த தேதி, வேற பேங்க்ல கணக்கு இருந்தா அது, கைரேகை. வரிசையா வாங்க."

வரிசையாகப் போனோம். இந்தத் தடவை சண்டையே இல்லை. சலவைக்கடை அக்கா கட்டைவிரல் மையைத் துடைத்துக்கொண்டே, "போட்டோவும் வேணுமா சார்?" என்று கேட்டார். இருந்தால் நல்லது என்றார் அவர். பலகைக்குக் கீழே போய் நின்றோம்.

அவர் போனதற்கப்புறம் இன்னும் ஒரு தகவலும் இல்லை. எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தவர் என்று வாயாடி போனில் கேட்கிறாள். சத்தியமாக இது மட்டும் எங்களுக்குத் தெரியாது.